ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி

மட்டக்களப்பில் விதையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கதை உடனே நெல்லுக்குப் போய்விடும். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் எண்டு பழைய நெல்லினங்களுக்கு இப்ப ஒரு மரியாதை வந்திருக்கிறது. கண்காட்சி வைக்கிறார்கள், பேஸ்புக்கில் எழுதுகிறார்கள், கூடின விலைக்கு விற்கிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் அதே வீட்டின் அடுப்படியில், பழைய பிஸ்கட் டின்னுக்குள்ளோ சோடாப் போத்தலுக்குள்ளோ எடுத்து வைக்கிற கௌபி விதையைப் பற்றியும் பயற்றம் விதையைப் பற்றியும் ஆரும் எழுதுவதில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் போத்தலைப் பற்றியது. அதற்குள் வருகிற வண்டைப் பற்றியது. அந்த வண்டைத் தடுக்க நாங்கள் போடுகிற வேப்பிலையையும் சாம்பலையும் பற்றியது. நான் சொல்ல வருவது சின்ன விசயம்: எங்களிட்ட வேம்பு இருக்கு, பழக்கமும் இருக்கு, இல்லாதது அளவு. எதை, எவ்வளவு, எப்ப போட வேண்டும் என்பதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த விடை போத்தலை வைத்திருக்கிற பெண்ணின் மொழியில் அவவிடம் போய்ச் சேரவில்லை. அது சேராதவரைக்கும் 'இயற்கைக்குத் திரும்புவோம்' எண்டு நாங்கள் எழுதுகிறதில் பெரிய பிரயோசனம் இல்லை.

விதை ஏன் கையில் இருக்க வேண்டும்

முதலில் சோளனைப் பாருங்கள். கலப்பினச் சோளன் செய்கிறவர் ஒவ்வொரு போகமும் புது பைக்கற் வாங்கத்தான் வேண்டும். தன் சேனையில் விளைந்த கதிரை விதைக்கு வைத்தால் அடுத்த முறை செடி ஒரு சீராக வராது, விளைச்சலும் விழும். அது கலப்பினத்தின் இயல்பு. விவசாயி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதை மாற்ற ஏலாது.

கௌபி, பயறு, உளுந்து அப்படி இல்லை. மூன்றும் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். தாய்ச்செடி எப்படியோ பிள்ளைச்செடியும் அப்படியே வரும். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட வருணி கௌபியோ எம்.ஐ. 6 பயறோ, ஒருமுறை நல்ல விதை வாங்கினால் பல போகங்களுக்கு உங்கட விதையை நீங்களே வைத்துக்கொள்ளலாம். நோயில்லாத செடியாகப் பார்த்து, முற்றின காயாக எடுத்து, வேறு இனம் கலக்காமல் வைத்தால் போதும். இந்தப் பயிர்களில் விதை உரிமை என்பது மேடைப் பேச்சு இல்லை. இயற்கையாகவே விவசாயியின் கையில் இருக்கிற ஒன்று.

அப்படியெண்டால் ஏன் திரும்பத் திரும்ப வாங்குகிறோம்? ஒரு காரணம் எல்லாருக்கும் தெரியும். 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் கடற்கோள், 2007இல் படுவான்கரைச் சனத்தின் இடப்பெயர்வு, 2011 ஜனவரி வெள்ளம். ஒவ்வொன்றிலும் வீட்டோட சேர்த்து வீட்டில் இருந்த விதையும் போனது. வெறுங்கையோடு திரும்பி வந்தவர்களுக்கு நிவாரணமாகக் கிடைத்த பைக்கற் விதைதான் அந்த நேரம் கைகொடுத்தது. அதைக் குறை சொல்ல ஒண்டுமில்லை.

ஆனால் வெள்ளம் வராத, ஆரும் இடம்பெயராத சாதாரண ஆண்டிலும் விதை போகிறது. மாசியில் கட்டி வைத்த உரபேக்கை ஐப்பசியில் அவிழ்த்தால் அடியில் மாவும் மேலே ஓடித்திரியும் வண்டும்தான். இந்த இழப்பு எந்தச் சேத அறிக்கையிலும் வராது. இதற்கு நிவாரணமும் கிடையாது. கடைக்குப் போய் மறுபடி ஒரு பைக்கற் வாங்குவார்கள், அவ்வளவுதான். சாதாரண ஆண்டில் பயற்று விதையை விவசாயியின் கையில் இருந்து பறிப்பது பெரிய கம்பனி இல்லை. மூன்று மில்லிமீற்றர் வண்டு.

வண்டின் கணக்கு

பயற்று வண்டு என்பது கலோசோபுருக்கஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த சின்னக் கபில நிற வண்டு. அது வீட்டுக்கு வந்த பிறகுதான் விதையில் விழுகிறது எண்டு நாங்கள் நினைக்கிறோம். உண்மையில் காய் முற்றிக் காய்கிற நேரமே தோட்டத்தில் வைத்து முட்டையிடத் தொடங்கிவிடும். அதனால் பார்த்துப் பார்த்து ஆய்ந்து, பாயில் காயப்போட்டு, சுளகில் புடைத்து எடுத்துவருகிற விதைக்குள்ளேயே சில புழுக்கள் ஏற்கெனவே குடியிருக்கும்.

பெண் வண்டு முட்டையை விதைத் தோலின் மேல் ஒட்டிவிடும். நூறு வரை இடும். சில நாளில் பொரிக்கும் புழு வெளியே வந்து ஊர்ந்து திரியாது. முட்டையின் அடிப்பக்கத்தாலேயே நேராக விதையைத் துளைத்து உள்ளே போய்விடும். உள்ளே இருந்து வித்திலையைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, கடைசியில் வட்டமாக ஒரு கதவு வெட்டிக்கொண்டு வண்டாக வெளியே வரும். எங்கட வெக்கைக்கு இது முழுக்க முடிய மூன்று நாலு கிழமை போதும். வெளியே வந்த வண்டுக்குச் சாப்பாடும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். ஒன்றிரண்டு கிழமை உயிரோடு இருந்து முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் வண்டு 80 முட்டை இடுகிறது, பாதி தப்புகிறது, தப்பினதில் பாதி பெண் என்று வையுங்கள். அடுத்த தலைமுறையில் 20 பெண் வண்டு. அதற்கடுத்து 400. அதற்கடுத்து 8,000. இவ்வளவுக்கும் மூன்று மாதம் போதும். மாசி பங்குனியில் எடுத்த கௌபியை அடுத்த முன்மாரி விதைப்புக்கு வைத்திருப்பவர் ஏழெட்டு மாதம் அதைக் காக்க வேண்டும். நடுவில் கச்சான் காற்றும் வெக்கையும். வண்டுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

இதில் இருந்து விளங்க வேண்டியது ஒன்றுதான். விதையில் ஓட்டை தெரிகிற நேரம் நாங்கள் பிந்திவிட்டோம். ஓட்டை என்பது வண்டு வெளியேறின வாசல். அதற்கு முந்தியே பார்க்க வேண்டியது விதைத் தோலில் ஒட்டியிருக்கும் பால்வெள்ளைப் புள்ளிகளை. அவை பொரித்து முடிந்த முட்டைகள். புழு துளைக்கும்போது தள்ளின தூள் கோதுக்குள் நிரம்பினதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. முதல் தலைமுறையைத் தடுத்தால் விதை தப்பும். மூன்றாம் தலைமுறையில் வேப்பிலை போட்டு வேலையில்லை.

வீட்டு வைத்தியமும் அதன் அளவும்

வாவியின் இரண்டு கரையிலும் வீட்டுக்கு வீடு ஒரு முறை இருக்கு. சிலர் வேப்பிலையை மேலே போட்டு மூடுவார்கள். சிலர் நொச்சி இலை, காய்ந்த மிளகாய். சிலர் அடுப்புச் சாம்பல். வசம்பைத் தட்டிப் போடுகிறவர்களும் உண்டு. இவற்றில் எதையும் மூடநம்பிக்கை எண்டு தள்ள ஏலாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்து 'அந்தக் காலத்து அறிவு' எண்டு கும்பிடவும் ஏலாது. ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக வேலை செய்கிறது.

வேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து போனபின் வேப்பமரங்கள் மட்டும் பச்சையாக நின்றதை ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜேர்மன் பூச்சியியலாளர் கவனித்தார். மேற்குலக விஞ்ஞானம் வேம்பைத் தீவிரமாகப் படிக்கத் தொடங்கினது அதற்குப் பிறகுதான். அதில் முக்கியமான பொருள் அசாடிராக்டின். பூச்சியைத் தின்னவிடாது, தோலுரித்து வளரவிடாது. ஆனால் அது கூடுதலாக இருப்பது இலையில் இல்லை, வேப்பங்கொட்டைக்குள் இருக்கும் பருப்பில். வெயில் பட்டால் சிதைந்துபோகும். நாங்கள் என்ன செய்கிறோம்? கொட்டையைப் பெருக்கிக் குப்பையில் கொட்டிவிட்டு, இலையை ஆய்ந்து, நல்ல வெயிலில் காயவைத்து, முழுசாகப் பயறுக்கு மேலே வைக்கிறோம். மருந்து சரி, பாவிக்கிற பகுதியும் முறையும் பிழை. கொட்டைப் பருப்பை நிழலில் உலர்த்தி, இடித்துப் பொடியாக்கி, ஒவ்வொரு விதையிலும் படும்படி கலந்தால் கதை வேறு. ஆய்வுகளில் வழக்கமாகச் சோதிக்கிற அளவு 100 கிராம் விதைக்கு ஒன்றிரண்டு கிராம் பொடி.

சாம்பல் நஞ்சு இல்லை. விதைகளுக்கு இடையில் இருக்கும் இடைவெளியை நிரப்பி வண்டை நடமாட விடாமல் செய்கிறது, அதன் உடம்பை உலர்த்துகிறது. அதனால் ஒரு கைப்பிடி தூவி வேலையில்லை. ஆபிரிக்காவில் கமரூன் நாட்டுக் கிராமங்களில் கௌபியைச் சாம்பலோடு வைக்கிற பழக்கத்தை ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்ன அளவு, நாலு பங்கு கௌபிக்கு மூன்று பங்கு சாம்பல். மேலே தனியாக ஒரு சாம்பல் படை. அவ்வளவு வேண்டும்.

எல்லாவற்றிலும் சுகமானது எண்ணெய். வேப்பெண்ணெய் மட்டும் இல்லை, கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற சாப்பாட்டு எண்ணெயும் வேலை செய்யும். மெல்லிய படையாக விதையை மூடும்போது முட்டைக்குக் காற்றுக் கிடைக்காது, பொரிக்கிற புழுவும் உள்ளே போக ஏலாது. 1970களில் இருந்தே கௌபி ஆய்வில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற அளவு ஒரு கிலோ விதைக்கு 5 மில்லிலீற்றர். அடுப்படி மொழியில் ஒரு தேக்கரண்டி. கூடப் போட்டால் நல்லம் எண்டு அள்ளி ஊற்றினால் முளைதிறன் குறையும், விதை சிக்குப்பிடிக்கும். குறைத்தால் எல்லா விதையிலும் படாது. அகலமான சட்டியில் விதையைப் போட்டு, தேக்கரண்டி எண்ணெயை விட்டு, கை ஓயும்வரைக்கும் பிரட்டவேண்டும். அறுவடை செய்து காய்ந்த உடனே செய்யவேண்டும்.

இந்த ஒரு தேக்கரண்டி என்ற தகவலின் பெறுமதியை யோசித்துப் பாருங்கள். அதற்குக் காசு இல்லை. கடைக்குப் போகத் தேவையில்லை. ஒரு வசனத்தில் சொல்லி முடிக்கலாம். அப்படியும் எத்தனை வீட்டுக்கு அது போயிருக்கு?

2021 செய்த கேடு

இந்த விசயத்தைக் கதைக்க வெளிக்கிட்டாலே இப்ப ஒரு சிரிப்பு வரும். "திரும்பவும் ஓகானிக்கா?" எண்டு கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கு. 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் விவசாய இரசாயனங்களையும் இறக்குமதி செய்வதை அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்தது. மாற்றுக்கு ஒரு ஆயத்தமும் இல்லை. பெரும்போக வயல் மஞ்சளித்து நின்றது, விவசாயிகள் வீதிக்கு இறங்கினார்கள், நவம்பரில் தடையைத் திரும்ப எடுத்தார்கள். அந்த ஏழு மாதத்தில் அழிந்தது விளைச்சல் மட்டும் இல்லை. 'இயற்கை' என்ற சொல்லின் மேல் விவசாயிக்கு இருந்த நம்பிக்கையும் அழிந்தது.

ஆனால் அந்தத் தடை பிழைத்ததற்கும் போத்தலுக்குள் வேப்பம் பொடி போடுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஐந்து ஏக்கர் வயலுக்குத் தேவையான நைதரசனை இலைதழையால் ஒரு போகத்துக்குள் கொடுப்பது ஒரு பிரச்சினை. ஐந்து கிலோ விதையை எட்டு மாதம் காப்பது இன்னொரு பிரச்சினை. முதலாவதற்கு ஆயத்தம், காலம், பணம் எல்லாம் வேண்டும். இரண்டாவதற்கு அடுப்படியில் இருக்கிறதே போதும். தாவரப் பூச்சிநாசினி பெரிய வயலில் தடுமாறுகிற காரணங்கள், மழையில் கழுவப்படுவது, வெயிலில் சிதைவது, அளவுக்கு மிஞ்சிய வேலை, இவை எதுவும் மூடின போத்தலுக்குள் இல்லை. அது உண்மையிலேயே பொருந்துகிற இடம் விதைச் சேமிப்புத்தான். அந்த இடத்தையே 2021க்குப் பிறகு நாங்கள் கைவிட்டிருக்கிறோம்.

இரசாயனப் பக்கத்தையும் பார்ப்போம். களஞ்சியங்களில் பாவிக்கிற அலுமினியம் பொஸ்பைட் மாத்திரை ஈரக்காற்றுப் பட்டதும் பொஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். பயிற்சி எடுத்தவர்கள் காற்றுப் புகாத களஞ்சியத்தில் செய்ய வேண்டிய வேலை அது. பிள்ளைகள் படுத்துறங்குகிற அறையின் மூலையில் சாக்கை வைத்துச் செய்கிற வேலை இல்லை. நஞ்சை வீட்டுக்குள் வைத்திருப்பதன் விலை இந்த நாட்டுக்குத் தெரியும். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47. மிக நச்சான பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு பத்து ஆண்டுக்குள் அது ஏறத்தாழ அரைவாசியானது. கைக்கெட்டின தூரத்தில் நஞ்சு இல்லாமல் இருப்பதே உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? சின்ன அளவு விதைக்கு வீட்டுக்குள் நஞ்சு தேவையில்லாமல் செய்யலாம் என்றால் அதைச் செய்வதுதான் புத்தி.

இயற்கை எல்லாம் நல்லதா?

இங்கேதான் இயற்கை விவசாயம் பேசுகிற எங்கட ஆட்களோடும் எனக்குச் சண்டை. இலையில் இருந்து வந்தால் பாதிப்பில்லை என்று எழுதுகிறார்கள். அது சுத்தப் பொய். நிக்கொட்டின் புகையிலையில் இருந்து வந்தது. ரொட்டனோன் செடி வேரில் இருந்து எடுக்கிறது. அதைத் தண்ணியில் கலந்தால் மீன் செத்து மிதக்கும். வாவியை நம்பிச் சீவிக்கிற ஊருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அன்னமுன்னா விதைப் பொடி பூச்சியைக் கொல்லும், கண்ணில் பட்டால் கண்ணையும் கெடுக்கும்.

வசம்பைப் பாருங்கள். எங்கட சனம் அதற்குப் பேர் சொல்லா மருந்து எண்டு பேர் வைத்து, கைப்பிள்ளைக்குச் சுட்டு உரைத்துக் கொடுக்கிறது. அதில் இருக்கும் பீற்றா அசரோன் என்ற பொருள் பூச்சிகளை மலடாக்கும். பயற்று வண்டுக்கு நல்ல மருந்து. அதே பொருள் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இலேயே உணவில் வசம்பைத் தடை செய்தது. ஆகவே விதைக்கு வசம்பு போடுங்கள், தப்பில்லை. அந்த விதையில் மிஞ்சினதை அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். விதைப் போத்தல் வேறு, சாப்பாட்டுப் போத்தல் வேறு. இந்த ஒரு பிரிவை எல்லா வீட்டிலும் சொல்லிக் கொடுத்தாலே பெரிய காரியம். சாப்பாட்டுப் பயறுக்குத் தேங்காய் எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு உண்மையையும் ஒளிக்கக் கூடாது. இலை, பொடி எதுவும் இல்லாமலே வண்டை அடக்க வழி இருக்கு. நன்றாகக் காய்ந்த விதையை, பல்லால் கடித்தால் டக்கெண்டு உடையும் பதத்தில், சோடாப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடினால், உள்ளே இருக்கும் புழுக்கள் தாங்களே ஒட்சிசனை முடித்துவிட்டுத் தின்பதை நிறுத்திவிடும். மேற்கு ஆபிரிக்காவில் பரவின மூன்று படைப் பைகள் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன. கமரூனில் 1980களின் கடைசியில் தொடங்கின கௌபி ஆய்வில் இருந்து வந்தவை அவை. அதே ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. கறுப்புப் பொலித்தீனில் விதையைப் பரப்பி, மேலே வெளிச்சம் ஊடுருவும் பொலித்தீனால் மூடி உச்சி வெயிலில் வைத்தால், 57 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் விதைக்குள் இருக்கும் புழுவும் சாகும். மட்டக்களப்பில் வெயிலுக்கா பஞ்சம்?

அப்படியானால் வேம்பு எதற்கு எண்டு கேட்கலாம். வெயில் உள்ளே இருப்பதைக் கொல்லும், பிறகு வருவதைத் தடுக்காது. போத்தலை அடிக்கடி திறந்து மூடினால் காற்றுப் போய்விடும். எண்ணெயும் பொடியும் விதையோடேயே இருந்து காவல் காக்கும். ஒன்றுக்கு மற்றது போட்டி இல்லை. வெயில், பிறகு எண்ணெய், பிறகு இறுக்கமான மூடி. இந்த வரிசைதான் முக்கியம்.

இது ஆருடைய வேலை

வேப்பம் பொடியைப் பைக்கற்றில் போட்டு விற்றால் என்ன எண்டு சிலர் கேட்கிறார்கள். விற்கலாம். ஆனால் ஒரு மரத்துக் கொட்டைக்கும் மற்ற மரத்துக் கொட்டைக்கும் வீரியம் ஒன்றில்லை. வைத்திருந்தால் குறையும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டும், அதற்குச் செலவு. இவ்வளவும் செய்து சந்தைக்கு வந்தால் வளவில் வேம்பு நிற்கிறவர் ஏன் வாங்க வேண்டும்? லாபம் இல்லாத பொருளைச் சந்தை தூக்கிக்கொண்டு வராது. லாபம் இருக்கு எண்டு நினைத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். வேப்பெண்ணெயைப் பூஞ்சண நாசினியாகப் பாவிக்கும் முறைக்கு 1994இல் ஐரோப்பாவில் ஒரு அமெரிக்கக் கம்பனிக்கும் அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்கும் காப்புரிமை கொடுத்தார்கள். அது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, இந்திய விவசாயிகளுக்கு முந்தியே தெரிந்தது எண்டு வாதாடி அதை 2000இல் நீக்க வைத்தார்கள். மேன்முறையீடும் தோற்று முற்றாக முடிய 2005 ஆனது.

அந்த வெற்றியைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறோம். ஆனால் எல்லாருக்கும் சொந்தமான அறிவு என்றால் அது எல்லாருடைய கையிலும் இருக்க வேண்டும் இல்லையா? கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் உட்பட எத்தனையோ இடங்களில் இந்த வண்டின் மேல் தாவரப் பொடிகளைச் சோதித்திருக்கிறார்கள். உலகம் முழுக்க இப்படி ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை ஆங்கிலத்தில். பெரும்பாலானவை 'இந்தப் பொடி வண்டைக் கொல்கிறது' என்ற முடிவோடு நிற்கின்றன. அடுத்த மாணவர் அடுத்த இலையோடு தொடங்குகிறார். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நாலு நாளில் எத்தனை வண்டு செத்தது என்பது ஆய்வுக்குப் போதும். விதை வைத்திருக்கிறவவுக்குத் தெரிய வேண்டியது வேறு: எட்டு மாதத்துக்குப் பிறகு நூறு விதையில் எத்தனை முளைக்கும்? என்னுடைய சுண்டில், என்னுடைய கரண்டியில் எவ்வளவு? கை எரியுமா? கழுவினால் சாப்பிடலாமா?

இந்தக் கேள்விகளில் பாதி விஞ்ஞானம், பாதி மொழி. அதனால்தான் கலைப்பீடத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். மில்லிலீற்றரைத் தேக்கரண்டியாக மாற்றுவதும் மொழிபெயர்ப்புத்தான். வெல்லாவெளியில் வண்டை என்ன பேர் சொல்கிறார்கள், ஏறாவூரில் என்ன சொல்கிறார்கள், உளுத்தது என்பதற்கும் சூத்தை என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமல் அச்சடிக்கிற துண்டுப்பிரசுரம் அடுப்புக்குத்தான் போகும். இன்னொன்று, இந்த விதைகளைக் காப்பது அநேகமாகப் பெண்கள். விவசாயக் கூட்டத்துக்குக் கதிரை போடும்போது முன்வரிசையில் இருப்பது அநேகமாக ஆண்கள். விதைச் சேமிப்பைப் பற்றி நெல் விதைப்புக் கூட்டத்தில் ஆண்களுக்குச் சொல்லிவிட்டுத் தகவல் போய்ச் சேரவில்லை எண்டு கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

விவசாயப் போதனாசிரியர்கள் இதைச் செய்யத்தானே இருக்கிறார்கள் எண்டு சொல்லலாம். ஒருவருக்கு எத்தனை கிராமம், எத்தனை வேலை என்று கமநல சேவை நிலையத்தில் ஒரு நாள் இருந்து பார்த்தால் விளங்கும். நெல், உரம், காப்புறுதி எல்லாம் முடிந்துதான் பயறு. அவர்களைக் குறை சொல்லி இதை முடிக்க ஏலாது.

மூன்று போத்தல்

ஆகவே நான் கேட்பது புதிய திட்டமோ நிதியோ இல்லை. ஒரு பக்கத் துண்டு. எளிய தமிழில், படத்தோடு. விதையில் வெள்ளைப் புள்ளி எப்படி இருக்கும், வெயிலில் எப்படிப் போடுவது, ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, வேப்பங்கொட்டைப் பருப்பு நிழலில், விதைப் போத்தல் வேறு சாப்பாட்டுப் போத்தல் வேறு. விவசாய பீடத்துப் பிள்ளைகள் அளவைப் பார்க்கட்டும், நாங்கள் மொழியைப் பார்ப்போம். மாதர் சங்கக் கூட்டத்திலும், கோயிலிலும் பள்ளிவாசலிலும் பெண்கள் கூடுகிற இடத்திலும் கொடுப்போம். வட்ஸ்அப்பில் குரலாகவும் போடுவோம், வாசிக்க நேரமில்லாத அக்காமாருக்காக.

துண்டு கொடுத்தால் நம்ப மாட்டார்கள். 2021க்குப் பிறகு நம்பவும் தேவையில்லை. பார்க்கட்டும். வருகிற மாசியில் ஊருக்கு ஒரு வீட்டில் ஒரே கௌபியை மூன்று ஒரே அளவான போத்தலில் போடுவோம். ஒன்றில் வெறும் விதை. ஒன்றில் வழமைபோல முழு வேப்பிலை. ஒன்றில் வெயில் காட்டி எண்ணெய் பிரட்டின விதை. மூன்றையும் ஒரே அலுமாரியில், ஒரே மாதிரி மூடி வைப்போம். ஐப்பசி பிறக்கிற நேரம் ஊர்ப் பெண்களுக்கு முன்னால் திறந்து, ஒவ்வொன்றிலும் நூறு விதை எண்ணி ஈரத்துணியில் முளைக்கப் போடுவோம். நாலைந்து நாளில் முளையை அவர்களே எண்ணட்டும். வேப்பிலைப் போத்தல் வென்றால் நான் மேலே எழுதினதைத் திருத்தி எழுதுகிறேன்.

படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் இதற்கு வீடு தரக்கூடியவர்கள், போத்தல் தரக்கூடியவர்கள், கூட வரக்கூடியவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தை முடிய முந்தி வேப்பங்கொட்டை, தேங்காய் எண்ணெய், ஒரு தேக்கரண்டி, இவ்வளவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.